பெரிய அரை, சின்ன அரை

சமமில்லாத இரண்டு துண்டுகளைச் சமம் என்று ஒரு சிறுமியைச் சொல்ல வைத்தேன். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. அது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதனாலேயே அதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அடி அண்ணாமலைப் பக்கம், மலை சுற்றும் பாதையை ஒட்டிய ஒரு சின்ன தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியர். திருவண்ணாமலை டவுனிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். கணக்கில் முதுகலை படித்தவன். கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்து, அது நடக்காமல், ஆசிரியர் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தேன். படித்த படிப்புக்கு இது போதாது என்ற எண்ணம் நாற்பது வயதுக்குப் பிறகும் எனக்குள் இருந்தது. நான் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பிள்ளைகளோடு இருந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதிலும் பின்னம் நடத்தும் நாட்கள். அரை, கால், முக்கால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர்கள் பள்ளிக்கே வருவார்கள். அரை முழம் பூ, கால் கிலோ சர்க்கரை, முக்கால் டம்ளர் டீ என்று அவர்கள் வீட்டில் புழங்காத பின்னம் கிடையாது. பலகையில் ஒன்று எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு என்று எழுதியதும்தான் எல்லாம் குழம்பிவிடும்.

"அரை பெருசா, கால் பெருசா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"அரை சார்" என்றான் முன்வரிசைப் பையன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

பலகையில் இரண்டையும் எண்ணில் எழுதி, "இதுல எது பெருசு?" என்றேன்.

"நாலு போட்டிருக்கிறது சார்."

"டேய், அது கால்டா. இப்பதானே அரை பெருசுன்னு சொன்ன?"

"அது வாயில சொல்றது சார். இது போர்டு."

அன்று மாலை சைக்கிளில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். வாயில் சொல்லும் கணக்கு வேறு, போர்டுக் கணக்கு வேறு என்று அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் என் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. இன்னொரு நாள், ஒரு முறுக்கை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போடுவது எப்படி என்று கேட்டதற்கு, "ஒருத்தன வெளிய அனுப்பிட்டா ஈஸி சார்" என்று பதில் வந்தது. அனுப்பப்பட வேண்டியவன் யார் என்று உடனே மூன்று பேர் பெயரும் முன்மொழியப்பட்டது.

காகிதத்தை மடிக்க வைத்தேன். ஓரமும் ஓரமும் சரியாக ஒட்டினால்தான் அரை. ஒட்டாவிட்டால் அது வெறும் துண்டு. "சமமான இரண்டு பாகங்களில் ஒன்று அரை" என்று பலகையில் எழுதி, சமமான என்ற சொல்லுக்கு அடியில் கோடும் போட்டேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அந்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "வெறும் போர்டு வேணாம் சார். பசங்க கண்ணால பாக்கிற மாதிரி ஏதாவது செஞ்சு காட்டுங்க" என்றார். காகிதம் மடிப்பது எனக்குச் சப்பென்று தோன்றியது. அப்போதுதான் பௌர்ணமி முடிந்திருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வகுப்பே தேங்காய் வாசம் அடிக்கும். மலை சுற்றிப் போகிறவர்கள் உடைத்த தேங்காயில் சிதறியதைப் பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். சட்டைப் பையெல்லாம் ஈரக் கறையாக இருக்கும். வீட்டில் விடிய விடிய டீக்கடை போட்டவர்களின் பிள்ளைகள் மேசை மேல் தலை வைத்துத் தூங்கும். இவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் தேங்காய்தான், அதை உடைத்து அரையைக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நம் வீடுகளில் தேங்காயை உடைத்தால் இரண்டு மூடி. சட்னிக்கு ஒரு மூடி போதும் என்போம். எந்த மூடி, கண் இருக்கும் மூடியா அடி மூடியா, எது பெரிது என்று யாரும் கேட்பதில்லை. சமையலுக்கு அது தேவையில்லை. நானும் அந்தப் பழக்கத்திலேயே யோசித்துவிட்டேன். உடைத்தால் இரண்டு மூடி, ஒரு மூடி அரை. கணக்கில் முதுகலை படித்தவன் செய்த பிழை அது.

அதிகாரி வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். நான் வாசற்படிக் கல்லில் தேங்காயைத் தட்டினேன். நேராக உடையவில்லை. ஒரு துண்டு கிண்ணம்போல ஆழமாக வந்தது. இன்னொன்று அந்தக் கிண்ணத்தை மூடி வைக்கிற தட்டுபோல வந்தது. என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தேன்.

"முழுத் தேங்காய் இப்போ ரெண்டு பாகம் ஆச்சு. இதுல ஒவ்வொண்ணும் என்ன?"

"அரை" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலாகக் கத்தியது.

"இல்ல சார்" என்றது ஒரு குரல். ஜன்னல் ஓரம் உட்காரும் பெண். எப்போதும் கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுகிறவள்.

"என்னம்மா இல்ல?"

"அரை இல்ல சார். இது கம்மி. அது ஜாஸ்தி."

"தேங்காய் உடைச்சா எத்தனை மூடி?"

"ரெண்டு சார்."

"ரெண்டுல ஒண்ணு என்ன?"

"அரை சார்."

"அப்புறம் என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ பெரிய அரைய எனக்குக் குடுங்க சார். சின்ன அரைய நீங்க எடுத்துக்கோங்க."

வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. சமமான என்ற சொல்லுக்கு அடியில் நான் ஏன் கோடு போட்டேன் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் கிடையாது. சபாஷ், இதனால்தான் சமமாக இருக்க வேண்டும் என்கிறோம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பாக அது ஆகியிருக்கும். ஆனால் என் காதில் அதிகாரியின் சிரிப்பு மட்டும்தான் விழுந்தது.

"எழுந்து நில்லு" என்றேன். "ரெண்டும் சமம். சொல்லு."

அவள் இரண்டு துண்டுகளையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் சமம்."

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"ரெண்டும் சமம் சார்."

"உக்காரு."

கிளம்பும்போது அதிகாரி, "கிளாஸ் நல்ல கண்ட்ரோல்ல இருக்கு சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேங்காயைச் சில்லு சில்லாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவளும் வாங்கித் தின்றாள். அதோடு அது முடிந்துபோனது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவள் கை தூக்குவதை நிறுத்தியிருந்தாள். நானே எழுப்பிக் கேட்டால் பதில் சொல்வாள், சரியாகவே சொல்வாள். ஆனால் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பாள். முதல் எழுத்தை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு, என் புருவம் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்வாள். இதைக் கவனித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். முக்காலும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். "ஒண்ணு சார்" என்றாள். வேண்டுமென்றே முகத்தைச் சுருக்கினேன்.

"இல்ல சார், ஒண்ணே கால்" என்றாள் உடனே.

புருவத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கினேன்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் சார்" என்றாள்.

அழுகை இல்லை, கோபம் இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். கண்ணால் பார்ப்பதைச் சொல்லக்கூடாது, சார் நினைப்பதைச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் நான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். அதையும் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஒரு குழந்தைக்குப் பின்னம் வராமல் போனால் பரவாயில்லை, பிறகு வரும். பார்த்ததைச் சொல்லும் இந்தத் துணிச்சல் போய்விட்டால் திரும்ப வருமா என்ற பயம் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அன்னிக்கு தேங்காய் உடைச்சப்ப நான் சொன்னது தப்பு. ரெண்டு துண்டும் சமம் இல்ல. இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

ஒரு பையன் மட்டும், "அப்போ ஆபீசர் சாரும் தப்பா சார்?" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு அது பெரிய திருப்தியாக இருந்தது. அவள் எழுந்து நின்று, "பரவால்ல சார்" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி டம்ளரைத் தவறவிட்டால் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

இது போதாது, வீட்டுக்கே போய்ச் சொல்வோம் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை. அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் டீயும் சுண்டலும் விற்பவர். நான் சைக்கிளை நிறுத்தியதுமே அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க சார். இன்னா பண்ணா சார் இவ?"

"அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நீங்க இன்னா சார் தப்பு பண்ணப் போறீங்க. இவதான் வாயாடி. எதிர்த்துப் பேசிட்டாளா?"

"எதிர்த்துப் பேசல. சரியாதான் சொன்னா. நான்தான் ஒத்துக்கல."

"ஆபீசர் வந்த அன்னிக்கா?" அந்த அம்மாளுக்கு ஊர் வழியாக ஏதோ அரைகுறையாகத் தெரிந்திருந்தது. பின்னால் வந்து நின்ற மகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, சார் வேலை முடிஞ்சு வீடு தேடி வந்து சொல்ற அளவுக்கா வாய வளத்து வச்சிருக்க?" என்று அவள் தலையில் ஓங்கி ஒரு கொட்டு வைத்தார்.

நான் பதறிக் குறுக்கே போனேன். நான் விளக்க விளக்க அது என் பெருந்தன்மையாகவே அவருக்குப் பட்டது. இவ்வளவு நல்ல சாரையா படுத்தினாய் என்று இரண்டாவது கொட்டுக்குக் கை ஓங்கியவரைத் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "சாருக்குத் தங்கமான மனசு" என்று சொல்லி எனக்கு டீ போடச் சொன்னார். அந்தப் பெண்ணே டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். தலையைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அதன் பிறகு மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு வேறு வழி தேடினேன். பலகையில் வேண்டுமென்றே தப்பாக எழுத ஆரம்பித்தேன். இரண்டு கால் சேர்ந்தால் முக்கால் என்று எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நிற்பேன். பிள்ளைகளுக்கு அது திருவிழா. "சாருக்குத் தப்பு, சாருக்குத் தப்பு" என்று கூத்தாடுவார்கள். என் தலையில் நானே கொட்டிக்கொள்வேன். மேலும் குதிப்பார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள். எங்கள் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே பார்ப்பது வழக்கம், அதனால் அவள் என் வகுப்பில்தான் இருந்தாள். நானும் தப்புகளை எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மாலை பலகையைத் துடைக்கும் முறை அவளுடையது. மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் அன்றைக்கு எழுதிய தப்பை நிதானமாகத் துடைத்தபடி, திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க வேணும்னே தப்பா எழுதுறீங்க சார்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அப்போ உங்க மூஞ்சி வேற மாதிரி இருக்கும்."

"எந்த மாதிரி?"

"சிரிக்காம சிரிக்கிற மாதிரி."

இத்தனை மாதமும் அவள் பலகையையே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று இதைச் சொன்னபோது அவள் முகம் பலகைப் பக்கம் இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குத் தோன்றியது. என் முகம்தான் இடைஞ்சல் என்றால் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து கேள்வியைக் கேட்டுவிட்டு நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஆளுக்கொரு காகிதப் பட்டை கொடுத்திருந்தேன். "மடிச்சுப் பாருங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டப்புறம் என்னைக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி நான் திரும்ப மாட்டேன்" என்றேன். முதல் சில நாட்கள் வெறும் கூச்சல்தான். நான் திரும்ப மாட்டேன் என்று தெரிந்ததும் ஒருவன் பெஞ்சு மேல் ஏறி நடனம் ஆடியதாகப் பிறகு தெரிந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேகம் வந்து உச்சியை மூடும், விலகும். பின்னால் சண்டை நடக்கும்.

ஒரு நாள் அந்தச் சண்டைக்குள் அவள் குரல் கேட்டது.

"போடா. எட்டுல நாலும் அரையும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? இதுல எவ்ளோ கோடு இருக்குது பாரு."

"கோட்ட எண்ணாத. நீளத்தப் பாரு. வச்சுப் பாருடா, மேல வச்சுப் பாரு. எங்கனா இடிக்குதா?"

"இடிக்கல."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்தற?"

மலையைப் பார்த்தபடி நான் நின்றேன். திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. திரும்பவில்லை. கண் மட்டும் நனைந்தது. அந்த வயதில் அதைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அந்த ஜன்னல் உதவியது.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அப்படித்தான் நடந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள்தான் அந்த வகுப்பின் நீதிபதி. நான் திரும்பியதும் பழையபடி என் புருவத்தைப் பார்ப்பாள். நேருக்கு நேர் நின்று ஒரு முறைகூட அவள் என்னை மறுத்துப் பேசவில்லை. முதுகைக் காட்டி நிற்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறும்வரை எனக்கு ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த ஆசிரியைகள், சார் ஏன் பாடம் நடத்தும்போது மலையை வேடிக்கை பார்க்கிறார் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார்கள். "அவரு அப்படித்தான்" என்று அவர் சொல்லிவிட்டாராம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேங்கிக்காலில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனேன். இரத்த அழுத்தம் வந்தது. செங்கம் ரோட்டில் ஒரு டாக்டரிடம் மனைவி என்னை அழைத்துப் போனாள். உள்ளே நர்ஸ் ஒருத்தி என் கையில் பட்டையைச் சுற்றினாள். நான் அவளை அடையாளம் காணவில்லை.

"சார், நான் உங்க ஸ்டூடன்ட். ஜன்னல் ஓரம் உக்காருவேன்" என்றாள்.

எப்படி இருக்கிறாய், எங்கே படித்தாய் என்று எதையோ கேட்டேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தாள்.

"உப்பு கம்மி பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன்மா."

அவள் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"இல்ல சார்" என்றாள்.

"நல்லா கேளும்மா" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "ஊறுகா இல்லாம ஒரு வாய் இறங்காது இவருக்கு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சின்ன வயதில் ஒரு நாள் தேங்காய் உடைத்து அவளைப் பொய் சொல்ல வைத்தேனே, அது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இவ்வளவு வருடமாக அது எனக்குள் கிடக்கிறது என்றும் சொன்னேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு சார். ஆனா அது பெருசா வலிக்கல. நீங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கு அம்மா கொட்டுனதுதான் ரொம்ப ஜாஸ்தி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க சார், அளவு தப்பா வரும்" என்று சொல்லி பம்பை அழுத்தினாள். பாதரசம் ஏறியது, மெதுவாக இறங்கியது. நல்லதாக ஏதாவது சொல்ல மாட்டாளா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவியை மட்டும் பார்த்து, "ஜாஸ்தி சார்" என்றாள்.